ஒரு முழங்கால், நான்கு ஆண்டுகள்: இளம் குவார்ட்டர்பேக் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

எந்தக் கேள்விக்கு இந்த நிகழ்வு

என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கக் கால்பந்துத் தொடரில் ஆண்டுதோறும், பெரும்பாலும் ஏப்ரலில், டிராஃப்ட் நடக்கும். கல்லூரியை முடித்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் நாள் அது. குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர், ஒருவரைத் தேடும் அணி அன்று ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும்: இந்தப் பையன் பத்தாண்டு நிற்பானா? கைவலு, கால்வேகம், தலைமைக் குணம் மூன்றும் உள்ளவர் யார் என்பது பார்த்தாலே தெரிந்துவிடும். நிற்பாரா என்பது அப்படித் தெரிவதில்லை.

இங்கே பதிவாவது 2012இல் வாஷிங்டன் அணிக்கு வந்த ஒருவரின் நிகழ்வு. முதல் ஆண்டிலேயே நாடு முழுவதும் அவர் பேச்சாக இருந்தது. ஆனால் வாழ்நாள் மொத்தத்தில் தொடக்க ஆட்டக்காரராக அவர் இறங்கியது 42 ஆட்டங்களில்தான். தொடர்புடையவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். ஊர், தேதி, எண்கள் அப்படியே இருக்கின்றன.

ஆட்டம் பழகாதவர்களுக்கு ஒரு சொல். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பிலும் நடுவில் நிற்கும் சென்டர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் தருவார்; அதுதான் ஸ்நாப். பந்து குவார்ட்டர்பேக் கையில் வந்த மூன்று நொடிக்குள் எறிய வேண்டும், அல்லது ஓட வேண்டும், அல்லது பக்கத்திலிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அந்த மூன்று நொடியை எதிரணி எத்தனை வேடம் போட்டு வந்தாலும் படிக்கத் தெரிந்தவர்தான் நிலைக்கிறார்.

பின்னணி: 2009 முதல் 2011 வரை

டெக்சாஸ் மாநிலம் வேகோ நகரிலுள்ள பேலர் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பெயர் எடுத்தவர். டிராஃப்ட்டுக்கு முந்தைய உடல்தகுதிச் சோதனையில் 40 யார்டை 4.41 நொடியில் கடந்தார். குவார்ட்டர்பேக் ஒருவருக்கு இது அபூர்வமான வேகம். 2011இல் எறிந்த பந்துகளில் 72.4 சதவீதம் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் கையில் சேர்ந்தது. 37 டச்டவுன் (கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது), 6 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்). அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் அவருக்கே. பேலருக்கு அதுதான் முதல் ஹைஸ்மன்.

இந்த மினுக்கத்துக்கு நடுவில் இரண்டு குறிப்புகள் கோப்பில் இருந்தன. 2009ஆம் ஆண்டின் மூன்றாவது ஆட்டத்தில் வலது முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் அறுந்தது. அறுந்த காலோடு இடைவேளைவரை ஆடினார், நன்றாகவும் ஆடினார்; பிறகு அந்த ஆண்டு முழுவதும் வெளியே இருந்தார். வலியைச் சொல்லாமல் ஆடக்கூடியவர் என்பதற்கு அது முதல் சாட்சி. அன்று எல்லோரும் அதை மன உறுதி என்று எழுதிக்கொண்டார்கள். மருத்துவக் கோப்பில் அது எச்சரிக்கையாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

இரண்டாவது, பேலரின் ஆட்டமுறை. ரிசீவர்களைக் கோடுவரை அகலமாக நிறுத்தி, களத்தின் ஒரு பாதியை மட்டும் படித்து வேகமாக எறிவது. கல்லூரியில் இது அள்ளிக் கொடுக்கும். ஆனால் முதல் ரிசீவர், இரண்டாவது, மூன்றாவது என்று கண்ணை நகர்த்தி, அதற்கு ஏற்பக் காலையும் நகர்த்தும் பழக்கம் இதில் வளராது. இது அவருடைய குறை இல்லை, கேட்கப்படாத பாடம்.

கொடுத்த விலை

2012 மார்ச்சில் வாஷிங்டன், செயின்ட் லூயிஸ் அணியிடமிருந்து டிராஃப்ட்டின் 2ஆவது இடத்தை வாங்கியது. பதிலுக்குப் போனவை: அந்த ஆண்டின் 6ஆவது இடம், 39ஆவது இடம், 2013, 2014 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகள். மூன்று முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்று, ஒரே ஆளுக்கு. அதே மாதம் வேறொரு அடியும் விழுந்தது. 2010இல் ஒப்பந்தங்களை எழுதிய விதத்துக்காகத் தொடர் நிர்வாகம் வாஷிங்டனின் சம்பள வரம்பில் இரண்டு ஆண்டுகளுக்கு 3 கோடியே 60 லட்சம் டாலரை வெட்டியது. ஆகவே இவரைக் காக்க வேண்டிய முன்வரிசையை டிராஃப்ட்டாலும் கட்ட முடியாது, காசாலும் கட்ட முடியாது.

நான்காவது சுற்றில், 102ஆவது இடத்தில், அணி இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் எடுத்தது. இவ்வளவு கொடுத்து ஒருவரை வாங்கிய கையோடு இன்னொருவர் எதற்கு என்று அன்று கேலி பேசினார்கள். இந்த நிகழ்வில் அணி எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது அதுதான் என்பது எங்கள் கருத்து.

2012: எது வேலை செய்தது, ஏன்

பயிற்சிக் குழு ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது. தங்கள் பழைய ஆட்டமுறையை இளைஞர்மேல் திணிக்கவில்லை. அவருக்குப் பழக்கமானதைத் தங்களுடையதோடு சேர்த்துத் தைத்தது. அதன் கருவி பிஸ்டல் அமைப்பு. சென்டருக்குச் சுமார் நான்கு யார்டு பின்னால் குவார்ட்டர்பேக், அவருக்கு நேர் பின்னால், பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக். அதிலிருந்து ஸோன் ரீட்: எதிரணியின் ஓர வீரர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுப்பதில்லை. குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஓர வீரரின் இடுப்பைப் பார்க்கிறார். இடுப்பு உள்ளே திரும்பினால் பந்தை இழுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும். நேராக நின்றால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். தடுக்காமல் விட்ட ஆளால் மற்ற இடத்தில் ஒரு தடுப்பாளர் மிச்சம்.

உண்மையான லாபம் ஓட்டத்தில் இல்லை. அதே கைநீட்டலைக் காட்டி, கொடுக்காமல், எறிவதில் இருந்தது. இது ப்ளே ஆக்‌ஷன். ஓட்டம் வருகிறது என்று நம்பி, தற்காப்பின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்கள் இரண்டடி முன்னே வந்தால் போதும். அவர்கள் முதுகுக்குப் பின்னால், 12 முதல் 18 யார்டு ஆழத்தில், ஒரு ஜன்னல் திறக்கும். அதில் குறுக்கே ஓடும் ரிசீவருக்கு எறிந்தால் போதும். குவார்ட்டர்பேக் பார்க்க வேண்டியது ஒரே ஆளை, ஒரே ஜன்னலை.

நியூ ஆர்லியன்ஸில் நடந்த முதல் ஆட்டத்திலேயே 26 எறிதலில் 19 சேர்ந்தது, 320 யார்டு. வாஷிங்டன் 40–32 என வென்றது. ஆண்டு முடிவில் 15 ஆட்டங்களில் 393 எறிதல், 65.6 சதவீதம், 3,200 யார்டு, 20 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் மட்டும். ஓட்டத்தில் 120 முறை 815 யார்டு, 7 டச்டவுன். எறிதலை ஒரே எண்ணில் மதிப்பிடும் பாஸர் ரேட்டிங் 102.4, அதுவரை எந்த முதலாண்டு ஆட்டக்காரரும் தொடாத எண். ஆறாவது சுற்றில் வந்த ரன்னிங் பேக் 1,613 யார்டு ஓடினார். 3 வெற்றி 6 தோல்வி என்று தொங்கிக்கொண்டிருந்த அணி அடுத்த 7 ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்று பிரிவுப் பட்டத்தைப் பிடித்தது.

எண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவை அளந்தது எதை? ஒவ்வொரு எறிதலுக்கும் சராசரி 8.1 யார்டு என்பதில் பெரும்பங்கு அந்த ஜன்னலுக்குச் சேரும். ஆட்டத்துக்கு 26 எறிதல்தான். அணி பெரும்பாலும் பின்தங்காததால் எதிரணிக்கு ஓட்டத்தைப் பற்றிய பயம் விடவில்லை. முன்வரிசைக்குப் பின்னால் பாக்கெட் என்னும் காப்பிடத்தில் நின்று, மூன்றாவது வாய்ப்பில் 9 யார்டு தேவை, எல்லோருக்கும் எறிதல்தான் என்று தெரியும் என்ற நிலையில் களம் முழுவதையும் படிக்கும் வேலை அந்த ஆண்டு அவருக்கு மிகக் குறைவாகவே வந்தது. அதை ஒத்திவைத்ததில் தவறில்லை. ஒத்திவைத்த பாடத்துக்கு ஒரு நாள் குறிக்காததுதான் தவறு.

அக்டோபர் 7ஆம் தேதி அட்லான்டாவுக்கு எதிராக, கோல் கோட்டருகே ஓடியவர் சறுக்கி உட்காரத் தயங்கிய (சறுக்கி உட்கார்ந்த குவார்ட்டர்பேக்கை மோதக் கூடாது) ஒரு கணத்தில் லைன்பேக்கர் மோதி மூளையதிர்ச்சி ஏற்பட்டது. ஒரு வாரம் கழித்து மினசோட்டாவுக்கு எதிராக 76 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். அந்த 76 யார்டு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. முந்தைய வாரத்தின் தாமதமான சறுக்கலைத் திருத்த அந்த வாரத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டவர் குறைவு.

டிசம்பர் 9: முதல் கீறல்

பால்டிமோருக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் 13 யார்டு ஓடியவர்மேல் சுமார் 150 கிலோ எடையுள்ள தற்காப்பு வீரர் விழுந்தார். வலது கால் கீழ்ப்பகுதி சாட்டைபோல் சுழன்றது. ஒரே ஒரு வாய்ப்புக்கு வெளியே நின்றார். திரும்பி வந்து நொண்டியபடியே நான்கு வாய்ப்பு ஆடினார். பிறகு முடியாமல் வெளியேறினார். 102ஆவது தேர்வு உள்ளே போய் டச்டவுன் எறிந்து, கூடுதல் இரண்டு புள்ளியையும் தானே ஓடி எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 31–28 வெற்றி.

கண்டறிந்தது: எல்.சி.எல். என்னும் வெளிப்பக்கத் தசைநாரில் முதல் நிலைச் சுளுக்கு. தனியாகப் பார்த்தால் ஓரிரு வாரத்தில் ஆறும் சிறு காயம். ஆனால் அது இருந்த இடம் சிறியதல்ல. முழங்கால் வெளிப்பக்கமாக வளையாமல் பிடிப்பது எல்.சி.எல்.; கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகாமலும் பிடிப்பது ஏ.சி.எல். ஒன்று தளர்ந்தால் திடீர்த் திருப்பங்களில் அதன் சுமை மற்றதன்மேல் ஏறும். இவருடைய ஏ.சி.எல். பிறந்ததிலிருந்து இருந்ததல்ல, 2009இல் அறுந்ததற்குப் பதிலாக வேறு நாரை எடுத்து வைத்த ஒட்டு.

மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகே திருப்பி அனுப்பியதாகத் தலைமைப் பயிற்சியாளர் சொன்னார். தாம் பரிசோதிக்கவே வாய்ப்பில்லாமல் ஆட்டக்காரர் களத்துக்குத் திரும்பிவிட்டார் என்று மருத்துவர் ஒரு நாளிதழிடம் கூறினார். பிறகு அதைச் சற்றுத் தளர்த்திக்கொண்டார். யார் சொன்னது சரி என்பதில் இறங்கத் தேவையில்லை. நட்சத்திரம் களத்தில் விழுந்த அந்த நேரத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் என்பது எழுதப்படாமல் இருந்தது. பிரச்சினை அங்கேதான்.

அடுத்த வாரம் கிளீவ்லாந்தில் மாற்று ஆட்டக்காரர் இறங்கி 329 யார்டு எறிந்து 38–21 என வென்றார். அதற்கு அடுத்த வாரம், டிசம்பர் 23இல், முழங்காலில் பிரேஸ் கட்டிக்கொண்டு இளைஞர் திரும்பினார்.

2013 ஜனவரி 6

மேரிலாந்து மாநிலம் லேண்டோவரில் உள்ள மைதானம். பருவக் கடைசி என்பதால் புல் பெயர்ந்து மண் தெரிந்த தரை. எதிரே சியாட்டில். முதல் கால்பகுதியில் வாஷிங்டன் 14–0 என முன்னிலை.

அந்தக் கால்பகுதியின் இறுதியில், கோல் கோட்டுக்குச் சில யார்டு முன்னால், இளைஞர் வலப்பக்கம் உருண்டு ஓடியபடி எறிய முயன்றார். எறிவதற்காக வலது காலை ஊன்றியபோது முழங்கால் உள்ளே மடங்கியது. யாரும் அவரைத் தொடவில்லை. இந்த நிகழ்வில் நின்று பார்க்க வேண்டிய நொடி இது. மோதாமலே மடங்கும் முழங்கால் என்றால் பிடிக்க வேண்டியது பிடிக்கவில்லை என்று பொருள். சற்று நேரத்தில் அவர் அந்த 14–0க்கான இரண்டாவது டச்டவுனை எறிந்தார். அரங்கம் எழுந்து நின்றது. மடங்கிய காலை அந்தக் கூச்சல் மூடிவிட்டது.

வலது கையால் எறிபவருக்கு வலது கால்தான் பின்கால். தரையை உதைத்து, இடுப்பைத் திருப்பி, தோளுக்கு விசை ஏற்றுவது அங்கிருந்துதான். அந்தக் கால் உதைக்க மறுத்தால் கை மட்டும் எறியும். பந்து உயரே மிதக்கும் அல்லது குறைந்து விழும். கணக்கு அதை அப்படியே காட்டுகிறது: முதல் கால்பகுதியில் 9 எறிதலில் 6 சேர்ந்தது, 68 யார்டு, 2 டச்டவுன். மீதி ஆட்டம் முழுவதும் 10 எறிதலில் 4, 16 யார்டு, ஒரு இன்டர்செப்ஷன்.

இடையில் பயிற்சியாளர் கேட்டார். வலிதான், காயம் இல்லை என்று இளைஞர் சொன்னதாகவும், அதை நம்பியதாகவும் அவர் பின்னர் விளக்கினார். 22 வயதுப் பையனிடம், தோற்றால் வெளியேறும் பிளேஆஃப் சுற்றின் முதல் ஆட்டத்தில், சொந்த மைதானக் கூட்டத்துக்கு முன் கேட்டால் வேறு பதில் வராது. கல்லூரியில் ஏற்கெனவே அறுந்த காலோடு ஆடிக் காட்டியவரிடம் கேட்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கால்பகுதியில் அவர் நொண்டியபடி ஓடியது தொலைக்காட்சியிலேயே தெரிந்தது. சியாட்டில் 21–14 என முன்னிலைக்கு வந்திருந்தது. ஆறு நிமிடம் சொச்சம் மிச்சம். ஸ்நாப் தாழ்வாக வந்து தரையில் உருண்டது. குனிந்து எடுக்கத் திரும்பினார். வலது முழங்கால் பக்கவாட்டில் போனது. பந்து கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தும் கையை நீட்ட முடியவில்லை. பந்து சியாட்டிலுக்கு. ஆட்டம் 24–14. கிளீவ்லாந்தில் வென்று காட்டிய மாற்று ஆட்டக்காரர் மூன்று கால்பகுதிகள் பெஞ்சில் இருந்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார்.

அதே தரையில் அதே நாள் சியாட்டிலின் தற்காப்பு வீரர் ஒருவருக்கும் ஏ.சி.எல். அறுந்தது. தரையின் பங்கை ஒதுக்க முடியாது. ஆனால் தரையைச் சொல்லி மற்ற முடிவுகளைத் தப்பவிடவும் கூடாது.

அறுவைச் சிகிச்சை, பிறகு அவசரம்

ஜனவரி 9இல் அறுவைச் சிகிச்சை: எல்.சி.எல். சீரமைப்பும், ஏ.சி.எல். மறுபடி ஒட்டும். ஒரே தசைநாருக்கு இரண்டாவது ஒட்டு என்றால் கணக்கே வேறு. எலும்பில் பழைய துளைகள் இருக்கும், எடுக்கத் தகுந்த நாரும் குறைந்திருக்கும். முதல் ஒட்டுக்கு ஆகும் காலத்தைவிட அதிகம் கொடுக்க வேண்டும். ஒன்பது மாதத்துக்கு முன் களம் திரும்புவோருக்கு மறுபடி காயம்படும் வாய்ப்பு கூடுகிறது என்பதும், தொடைத் தசையின் வலு மற்றக் காலோடு ஒப்பிட 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும் என்பதும் இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல்கள்.

இங்கே தேதிதான் அளவுகோலானது. 2013இன் முதல் ஆட்டத்துக்கே தயார் என்பது ஒரு காலணி நிறுவனத்தின் விளம்பர வாசகமாகவே ஆகியிருந்தது. செப்டம்பர் 9, சரியாக எட்டு மாதம். முன்னோட்ட ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமல் நேராகப் பிலடெல்பியாவுக்கு எதிராக இறங்கினார்.

காலைவிடப் பெரிய இழப்பு ஒன்று இதில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு பருவமல்லாத மாதங்களில் அணியோடு பயிற்சி செய்யும் நாட்கள் மிகக் குறைவு. எதிரெதிர் நின்று செய்யும் கூட்டுப் பயிற்சிக்கு 10 நாள்தான், அதன்பின் ஒரு சிறு முகாம். முதலாண்டு குவார்ட்டர்பேக் இரண்டாம் ஆண்டில் பெரிய தாண்டல் தாண்டுவது இந்த நாட்களில்தான். 2012 முழுக்க ஒத்திவைத்த பாடத்தை, அதாவது பாக்கெட்டில் நின்று களத்தைப் படிப்பதை, படிக்க வேண்டிய நாட்களும் இவையே. அவை எல்லாம் முழங்கால் மறுவாழ்வுக்குப் போயின.

2013: ஜன்னல் மூடியது

அந்தக் கோடையில் எல்லா அணிகளும் ஸோன் ரீட்டைப் பாடமாக எடுத்துப் படித்திருந்தன. ஓர வீரர் இடுப்பைத் திருப்பாமல் காத்திருக்கக் கற்றார்; இன்னொரு வீரர் சுற்றி வந்து குவார்ட்டர்பேக்கையே குறிவைத்தார். ஓடும் தோரணையில் இருக்கும்வரை குவார்ட்டர்பேக்கை மற்ற ஓட்டக்காரர்போலவே மோதலாம் என்று தொடர் நிர்வாகமும் தெளிவுபடுத்தியிருந்தது. கிரிக்கெட்டில் புதிய மட்டையாளரை இரண்டாம் ஆண்டில் பந்து வீச்சாளர்கள் கண்டுபிடித்துவிடுவதைப்போல.

பிலடெல்பியா ஆட்டத்தில் வாஷிங்டன் முதல் பாதியிலேயே வெகுதூரம் பின்தங்கியது. எட்டு மாத முழங்காலோடு 49 முறை எறிய வேண்டியிருந்தது. 33–27 தோல்வி. பின்தங்கிய அணி ஓடாது என்று எதிரணிக்குத் தெரியும். கைநீட்டலைக் காட்டினாலும் லைன்பேக்கர் அசையமாட்டார். ஜன்னல் திறக்காது. அதோடு 2012இன் ஆட்டமுறையே கையைவிட்டுப் போனது.

13 ஆட்டங்களில் 456 எறிதல். ஆட்டத்துக்கு 26 என்றிருந்தது 35 ஆனது. சேர்ந்தது 60.1 சதவீதம், எறிதலுக்கு 7.0 யார்டு, 16 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். எறிந்த பந்துக்கு இன்டர்செப்ஷன் விகிதம் 1.3 சதவீதத்திலிருந்து 2.6க்கு, சரியாக இரட்டிப்பு. ஓட்டத்தில் ஒரு டச்டவுன்கூட இல்லை. பாஸர் ரேட்டிங் 82.2.

திரையில் தெரிந்தது என்ன? பின்கால் தரையை முழுதாக உதைக்கவில்லை. எடை பின்னாலேயே தங்கியது. நடுக்களத்தில் எறிந்த பந்துகள் ரிசீவர் தலைக்குமேல் போயின. அழுத்தம் வந்தால் கண் தொலைவிலிருந்து இறங்கி, நெருங்கும் தற்காப்பு வீரர்களைப் பார்த்தது. இரண்டுமே முழங்காலை நம்பாதவரின் அடையாளங்கள். முதலாவது உடலில், இரண்டாவது மனதில்.

கடைசி மூன்று ஆட்டங்களில் அவரைக் காயத்திலிருந்து காக்க என்று சொல்லி உட்கார வைத்தார்கள். ஜனவரியில் செய்ய வேண்டியது, வேண்டாத டிசம்பரில். அணி 3–13 என முடித்தது. தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அந்தத் தோல்விகளால் கிடைத்த டிராஃப்ட்டின் 2ஆவது இடமும் பழைய பேரத்தின்படி செயின்ட் லூயிஸுக்கே போனது.

2014, 2015

புதிய தலைமைப் பயிற்சியாளர் அவரைப் பாக்கெட் ஆட்டக்காரராக மாற்ற முயன்றார். இரண்டாவது ஆட்டத்தில் இடது கணுக்கால் இடம் பெயர்ந்தது. நவம்பரில் திரும்பினார். தம்பா பே அணியிடம் தோற்ற மறுநாள், பந்து வந்ததும் எத்தனை காலடி பின்வாங்க வேண்டுமோ அத்தனை காலடி வைக்கவில்லை என்று பயிற்சியாளர் செய்தியாளர்களிடமே பட்டியல் போட்டார்.

அடி எண்ணிக்கை சின்ன விஷயம்போலத் தோன்றும். அது கடிகாரம். ஒரே அடியில் எறிய வேண்டிய குறுக்குப் பந்துக்கு மூன்றடி பின்வாங்கினால், ரிசீவர் தலையைத் திருப்பும் நொடியில் பந்து இன்னும் கையில்தான் இருக்கும். ஐந்தடி வேண்டிய இடத்தில் மூன்றடி வைத்தால் ரிசீவர் திரும்புமுன் எறிபவர் தயார். காத்திருப்பார், கால் நின்றுபோகும், அந்த அரை நொடியில் தற்காப்பு வீரர் வந்துவிடுவார். அந்த ஆண்டு 214 எறிதலுக்கு 33 முறை சாக் ஆனார், அதாவது எறியுமுன்னே வீழ்த்தப்பட்டார். எறிய நின்ற ஒவ்வொரு நூற்றிலும் 13க்கு மேல். 2012இல் அது 7 சொச்சம். முன்வரிசை பலவீனம்தான், ஆனால் சாக் பாதி எறிபவரின் கடிகாரத்தில் இருக்கிறது. நோய் சரியாகவே அறியப்பட்டது. மருந்தை மேடையில் வைத்துக் கொடுத்திருக்கக் கூடாது.

2015 ஏப்ரலில் அணி அவருடைய ஐந்தாம் ஆண்டு விருப்ப ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டது. மதிப்பு சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர். காயம்பட்டால் மட்டும் உறுதி. ஆகஸ்ட் முன்னோட்ட ஆட்டத்தில் மறுபடி மூளையதிர்ச்சி. 102ஆவது தேர்வு தொடக்க ஆட்டக்காரரானார். அணி 9–7 எனப் பிரிவுப் பட்டம் வென்றது. விலை கொடுத்து வாங்கியவர் அந்த ஆண்டு ஒரு ஸ்நாப்கூட வாங்கவில்லை. அவர் காயம்பட்டால் பணம் கட்ட வேண்டும் என்பதால் இறக்காமல் இருப்பதே லாபம் என்ற நிலை. 2016 மார்ச்சில் விடுவிக்கப்பட்டார்.

பிறகு

கிளீவ்லாந்தில் 5 ஆட்டம். முதலாவதிலேயே தோளில் எலும்பு முறிவு. அந்த ஆண்டு கிளீவ்லாந்து வென்ற ஒரே ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரர் அவர்தான். 2017 முழுவதும் அணியில்லை. பிறகு பால்டிமோரில் மூன்று ஆண்டு மாற்று ஆட்டக்காரர். 2020 டிசம்பர் 2, பிட்ஸ்பர்க். கடைசித் தொடக்க ஆட்டம். எறிந்தது 33 யார்டுதான், ஓடியது 68. தொடைப் பின்தசை இழுத்துக்கொண்டு வெளியேறினார். எட்டு ஆண்டு கழித்தும் கால்கள்தான் முதலில் பதில் சொல்லின.

எதை மாற்றியிருக்கலாம்

ஓடும் குவார்ட்டர்பேக் நிலைக்க மாட்டார் என்று இந்த நிகழ்வை எளிதாகச் சுருக்குவார்கள். அது தவறு. ஜனவரி 6 அன்று எதிரணியில் நின்றவரும் முதலாண்டு ஆட்டக்காரர்தான், அதே டிராஃப்ட்டின் 75ஆவது தேர்வு, இவரைவிடக் குள்ளமானவர், அதே ஸோன் ரீட்டை ஆடியவர். 2012இல் 94 முறை ஓடினார். ஆனால் அடி விழுமுன் சறுக்கி உட்கார்ந்தார் அல்லது பக்கக் கோட்டைத் தாண்டிக் களத்தைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டே தொடரின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்றார். 2021 அக்டோபரில் விரல் காயத்தால் விலகும்வரை ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. ஆகவே கணக்கிட வேண்டியது எத்தனை முறை ஓடினார் என்பதை அல்ல, எத்தனை முறை முழு மோதலில் முடிந்தது என்பதை. அந்த எண்ணை வாராவாரம் குறித்து வைத்திருந்தால் அக்டோபர் 7 இரவே எச்சரிக்கை மணி அடித்திருக்கும்.

மாற்ற வேண்டியவற்றில் முதலிடம் அதிகாரத்துக்கு. மோதல் இல்லாமல் முழங்கால் மடங்கினால், அணி மருத்துவர் கையால் தொட்டுச் சோதிக்கும்வரை, அதாவது 20, 30 பாகை மடக்கி முன்னிழுத்தும் பக்கவாட்டில் தள்ளியும் பார்க்கும்வரை, அடுத்த வாய்ப்புக்கு அவர் இல்லை. இதைப் பருவம் தொடங்குமுன் எழுதி, தலைமைப் பயிற்சியாளரும் ஆட்டக்காரரும் கையெழுத்திட வேண்டும். ஆட்டக்காரரைக் கேட்பது மரியாதை. முடிவை அவரிடம் விடுவது பொறுப்பைக் கைகழுவுவது.

அடுத்து, 2013ஐ மாற்று ஆட்டக்காரரோடு தொடங்கியிருக்க வேண்டும். அவரை எடுத்து வைத்ததே இதற்குத்தான். அக்டோபர் இறுதிவரை இளைஞர் எதிரணி வேடத்தில் நிற்கும் பயிற்சி அணியோடு பாக்கெட் எறிதல் மட்டும் செய்திருந்தால், கால் ஆறுவதும் பாடம் முடிவதும் ஒன்றாக நடந்திருக்கும். இதற்குத் தடையாக இருந்தது முழங்கால் அல்ல. மூன்று முதல் சுற்றுத் தேர்வு கொடுத்து வாங்கியவரை உட்கார வைக்க யாருக்கும் தைரியமில்லை. கொடுத்த விலையே அவருடைய ஓய்வைத் தின்றது.

ஆட்டமுறையில் எங்கள் பரிந்துரை சிறியது: முதலாண்டில், அணி முன்னிலையில் இருக்கும்போதே, ஆட்டத்துக்கு எட்டுப் பத்து முறை ப்ளே ஆக்‌ஷன் இல்லாமல் பின்வாங்கி மூன்று ரிசீவர்வரை படிக்கும் எறிதலைத் திட்டத்தில் வைப்பது. அதில் சில தப்பும், ஒன்றிரண்டு இன்டர்செப்ஷன் கூடும், 102.4 என்ற எண் 95க்கு இறங்கலாம். திங்கட்கிழமை படம் போட்டுப் பார்க்கும்போது அடி எண்ணிக்கைப் பிழை 2014 நவம்பரில் செய்தியாளர் முன்னால் வெளிவராமல், 2012 செப்டம்பரில் பயிற்சி அறையிலேயே வெளிவந்திருக்கும்.